முதுகில் எழுதியிருந்த பெயர்

ஆள் விழிப்பதற்கு முன்னால் முட்டி விழித்துக்கொண்டது. உள்ளே யாரோ ஈர மணலை அள்ளிப் போட்டு அரைக்கிற மாதிரி ஒரு வலி. இசக்கிராஜா பாயில் படுப்பதை விட்டு ஆறு வருசமாகிறது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் வலது காலைத் தூக்கித் தரையில் வைத்தான். கால் அவனுடையதுதான். ஆனாலும் அடுத்தவன் சாமானை எடுத்து வைப்பதுபோல் பதனமாக வைக்க வேண்டியிருந்தது.

விளையாடிய காலத்தில் எல்லாக் கிளப்பிலும் ஒரு டாக்டர் இருந்தார். எல்லா டாக்டரிடமும் ஒரு ஊசி இருந்தது. போட்டால் தொண்ணூறு நிமிசம் முட்டி இருப்பதே தெரியாது. அந்த வலியெல்லாம் அப்போது எங்கேயோ போய்விட்டது என்று நினைத்திருந்தான். எங்கும் போகவில்லை. உள்ளேயேதான் உட்கார்ந்திருந்திருக்கிறது.

"வெந்நி போட்டிருக்கேன். முட்டிக்கு ஊத்திக்கிடுங்க" என்றாள் விஜி. கடலை மிட்டாய்க் கம்பெனியில் பாக்கெட் போடுகிற வேலை அவளுக்கு. எட்டு மணிக்குள் போயாக வேண்டும். போகாமல் வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள்.

"இன்னைக்கு அங்கன போயி என்ன சொல்லப் போறீங்க?"

அவன் முட்டியை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"ராத்திரி நான் சொன்னதச் சொல்லுங்க. போனவுக போயிட்டாவ. போனவுகளுக்கு எந்தப் பேரா இருந்தா என்ன? இருக்கிறவுக பொழைக்கணும்லா?"

போனவன் அவன் தம்பி. இருபத்து மூன்று நாளைக்கு முன்னால், புதூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவன் மழைக்கு வேப்பமரத்தடியில் ஒதுங்கினான். இடி அந்த மரத்தைத் தேடி வந்தது. எட்டு ஆடுகளோடு சேர்ந்து அவனும் கிடந்தான். பதினாறாம் நாள் விசேசம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகிறது. இறப்புச் சான்று இன்னும் கிடைக்கவில்லை. அது இல்லாமல் தம்பி மனைவி சுகுணாவுக்கு விதவைப் பென்சன் இல்லை. இடி விழுந்து செத்தவர்களுக்கு அரசாங்கம் தருகிற நிவாரணம் இல்லை. அந்தப் பணம் இல்லாமல் மகள் செண்பகவல்லியைக் கல்லூரியில் சேர்க்கவும் வழி இல்லை.

சான்று ஏன் வரவில்லை என்பது இசக்கிராஜாவுக்குத் தெரியும். அவன்தான் காரணம்.

இசக்கிராஜாவின் ஆதாரில் இசக்கிராஜா என்ற பெயர் கிடையாது. சுடலைக்குமார், தகப்பன் பெயர் மாயகிருஷ்ணன் என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அதுதான். இருபது வருசம் கால்பந்து ஆடி வாங்கிய அத்தனை சான்றிதழிலும் அதுதான். செத்துப்போன தம்பியின் ஆதாரிலும் சுடலைக்குமார்தான், தகப்பன் மாயகிருஷ்ணன்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் தம்பிக்கு. அண்ணன் வைத்திருப்பது அவனிடம் எடுத்தது.

ஒரு பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் செத்துவிட்டார். இன்னொருவர் யார் என்று கிராம நிர்வாக அலுவலர் கேட்டு, இன்று பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

"திங்கக்கெழம வேலையில சேரணும். ஆர்டர்ல சுடலைக்குமார்னு இருக்கு. அத மட்டும் ஞாபகம் வச்சுக்கிடுங்க" என்று விஜி பையைத் தூக்கித் தோளில் போட்டாள். "பாப்பாவுக்கு அந்தப் பள்ளிக்கூடத்துல பீஸ் இல்லாமச் சேத்துக்கிடுதோம்னு சொல்லியிருக்காவ. நேத்துதான் யூனிபார்முக்கு அளவு குடுத்துட்டு வந்தேன்."

அவள் போன பிறகும் நிலையில் அவள் சாய்ந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

*

புதூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காலை நீட்ட முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்த ஆள் கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்தார்.

"பேப்பர்ல வந்தது நீங்கதான? பெரிய பிளேயரு?"

"ஆமா அண்ணாச்சி."

"நம்ம ஊருக்கே பெருமை. எந்த எடத்துல நின்னு மட்டை புடிப்பிய?"

"நான் ஹாக்கி இல்ல. புட்பால்."

"ஓ" என்றார் அவர். அவர் முகத்தில் இருந்த பெருமை பாதியாகக் குறைந்தது. "கோவில்பட்டியில பொறந்துட்டு கால வச்சு எத்துனியளாக்கும்."

ஹாக்கிக்குப் பேர்போன ஊர் கோவில்பட்டி. எல்லாம் அந்த ஹாக்கியில் ஆரம்பித்ததுதான். தொண்ணூற்றாறில், ஹாக்கி மைதானத்தின் ஓரத்தில் பழைய பந்து ஒன்றை எத்திக்கொண்டிருந்தவனை உடற்கல்வி ஆசிரியர் சண்முகராஜ் பார்த்தார். ஆட்டுக்குப் பின்னால் ஓடி ஓடி இறுகிப்போன கால். மறுநாளே ஊருக்கு வந்து அப்பாவிடம் பேசினார். விளையாட்டு விடுதியில் சேர்த்தால் சாப்பாடு, துணிமணி, படிப்பு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஆனால் பதிமூன்று வயசுக்குள் இருக்க வேண்டும்.

இசக்கிராஜாவுக்குப் பதினாலு முடிந்திருந்தது.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்: "சின்னவனுக்குப் பதினொண்ணு. அவன் சர்டிபிகேட்டு ஆகுமா?"

சண்முகராஜ் சார் கொஞ்ச நேரம் யோசித்தார். ஆகும் என்றார். அந்தக் காலத்தில் எல்லா மைதானத்திலும் நடந்ததுதான். வயசைக் குறைக்காதவன்தான் முட்டாள்.

தம்பி அப்போதுதான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தான். அவனைக் கூப்பிட்டு அப்பா சொன்னார்: "அண்ணன் பந்து வெளையாடப் போறாம்லே. ஒன் பேரக் கொஞ்ச நாளைக்குக் குடு."

"சரி" என்றான் தம்பி. பதினொரு வயசுப் பயல் வேறென்ன சொல்வான்? எப்போது திரும்பக் கிடைக்கும் என்று கேட்கத் தெரியவில்லை. அவனுடைய மாற்றுச் சான்றிதழை அண்ணன் எடுத்துக்கொண்டு போனதால், ஆறாம் வகுப்பில் சேர்க்கக் காகிதம் இல்லை. அடுத்த வருசம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அப்பா. அடுத்த வருசம் தம்பிக்கு இருபது ஆடு இருந்தது.

பெயர் நன்றாக ஓடியது. சென்னையில் ஒரு பேங்க் டீம். பிறகு கல்கத்தாவில் ஏழு வருசம். முழங்கால் சேற்றில், அறுபதாயிரம் பேர் முன்னால், நடுத் தடுப்பில் நான்காம் நம்பர். "சுதோலோய், சுதோலோய்" என்று அந்த ஊர்க்காரர்கள் கத்துவார்கள். சீசன் முடிந்தால் கேரளத்தில், பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் ஆட்டம். வாரத்துக்கு நான்கு மேட்ச், நான்கு ஊசி. அங்கே "சுடலேட்டன்".

புதூர் டீக்கடை டிவியில் தம்பி ஆட்டம் பார்ப்பான். முடிந்ததும் போன் போடுவான்.

"அண்ணே, இன்னைக்கு நான் நல்லா ஆடுனேனா?"

"நல்லாத்தாம்லே ஆடுன."

"பெறவு எதுக்கு என் பேருக்கு மஞ்ச அட்ட வாங்கிக் குடுத்த? ஊர்ல எங்கிட்டக் கேக்கான், ஏம்ல அந்தப் பயலக் கீழ தள்ளுனன்னு."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். அது வேடிக்கை என்றே இசக்கிராஜா இத்தனை வருசமும் நினைத்திருந்தான்.

கடைசி கிளப் அவனை ஒரு வாட்ஸ்அப் செய்தியில் அனுப்பி வைத்தது. முட்டிக்கு ஆபரேசன் முடிந்து கட்டோடு படுத்திருந்தபோது வந்த செய்தி. நன்றி, வாழ்த்துகள், கீழே ஒரு கும்பிடும் கை. அதற்குப் பிறகு ஆறு வருசமாக, கயத்தாறில் லாரி எடை மேடையில் சீட்டு எழுதுகிறான். மக்காச்சோள லோடு, உளுந்து லோடு. ஏற்றின எடை, வெறும் எடை. டிரைவர்கள் யாருக்கும் அவன் யாரென்று தெரியாது.

இப்போதுதான் ஒரு தனியார் பள்ளியில் கால்பந்துப் பயிற்சியாளர் வேலை. அங்கே விளையாட்டுப் பொறுப்பில் இருப்பவர் அதே சண்முகராஜ் சார். ஓய்வு பெற்ற பின்னும் பழைய பையனை மறக்காமல் கூப்பிட்டுக் கொடுத்தார். பேப்பரில் படத்தோடு செய்தி வந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கினான். இரண்டு நாள் மழையில் கரிசல் இளகிக் கிடந்தது. பத்து அடி நடப்பதற்குள் ஒவ்வொரு செருப்பிலும் ஒரு படி மண் அப்பிக்கொண்டது. வலது காலைத் தூக்க முடியாமல் இழுத்து இழுத்து வைத்தான்.

*

கிராம நிர்வாக அலுவலகம் ஒற்றை அறை. வாசலில் தலையாரி சுந்தரபாண்டி உட்கார்ந்திருந்தார்.

"வாங்க, வாங்க. உயிரோட இருக்கிற சுடலைக்குமாரு வந்தாச்சு" என்றார். சொன்ன பிறகுதான் உள்ளே சுகுணா உட்கார்ந்திருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சுகுணா எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் செண்பகவல்லி, மடியில் ஒரு பிளாஸ்டிக் பை, பை நிறைய காகிதங்கள். "வாங்க பெரியப்பா" என்றாள் அவள்.

அலுவலர் முத்துசெல்விக்கு முப்பது வயசிருக்கும். மேசையில் இருந்த பேப்பர் துண்டை அவன் பக்கம் திருப்பி வைத்தார். பள்ளி மேலாளரிடமிருந்து ஆர்டர் வாங்கிக்கொண்டு இசக்கிராஜா சிரிக்கிற படம்.

"சார், நான் நேராவே கேக்கேன். இதுல சுடலைக்குமார், மாயகிருஷ்ணன் மகன், இந்த ஊருன்னு இருக்கு. இறந்தவரும் சுடலைக்குமார், மாயகிருஷ்ணன் மகன், இந்த ஊரு. ஒரே வீட்டுல ரெண்டு பிள்ளைக்கு ஒரே பேரு வைக்க மாட்டாங்க. நான் இறப்பப் பதிஞ்சா, நாளைக்கு யாராவது வந்து உயிரோட இருக்கிற ஆளச் சாகடிச்சிட்டீங்கன்னு கேப்பாங்க. நீங்க யாரு, இறந்தவர் யாரு?"

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் விஜி சொன்னதை இசக்கிராஜா மனசுக்குள் உருட்டிக்கொண்டே வந்திருந்தான். அது உருண்டு உருண்டு வழவழப்பாகி வாயருகே நின்றது.

"நான் சுடலைக்குமார்" என்றான். "தம்பி பேரு இசக்கிராஜா. ஊர்ல மாத்திக் கூப்பிட்டுப் பழகிட்டாவ. ரேசன் கார்டுல தப்பா ஏறிப்போச்சு."



சுகுணா அழவில்லை, கத்தவும் இல்லை. தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள்.

"அத்தான், அவிய பேரு என்னன்னு சொன்னிய? இன்னொரு தடவ சொல்லுங்க."

அவனால் இன்னொரு தடவை சொல்ல முடியவில்லை.

"ஆஸ்பத்திரியில எங்கிட்ட யாரும் பேரு கேக்கல. நான் மயக்கத்துல கெடந்தேன். நீங்க குடுத்த மஞ்ச பனியனத்தான் போட்டிருந்தாவ. முதுகுல பேரு எழுதியிருந்துச்சு. அதப் பாத்துத்தான் எழுதிக்கிட்டாவ. முதுகுல இருந்தது அவிய பேரா, ஒங்க பேரா?"

"சுகுணா..."

"நான் இசக்கிராஜா பொண்டாட்டி கெடையாது. என் கல்யாணப் பத்திரிகையில அந்தப் பேரு இல்ல. எம்மக சர்டிபிகேட்டுல அப்பா பேரு அது இல்ல. இசக்கிராஜா செத்தா எனக்கு என்ன? எம்புருசன் எங்க போனாவன்னு நான் ஊர் ஊராத் தேடட்டுமா?"

"அம்மா, சும்மா இரு" என்று செண்பகவல்லி கையைப் பிடித்தாள்.

முத்துசெல்வி மேசை இழுப்பறையைத் திறந்தார். ஒரு கோடு போட்ட தாளை வெளியே எடுத்தார். அதை உடனே கொடுக்காமல் விரலால் நீவி நீவி மடிப்பை எடுத்தார்.

"சார், இது பேப்பர்ல செய்தி வர்றதுக்கு முந்தியே இங்க வந்தது. ஆவணி மாசம். கலெக்டர் ஆபீசுல திங்கக்கிழம மனு குடுத்திருக்காரு, அங்கேர்ந்து எனக்கு அனுப்பியிருக்காங்க. படிங்க."

ஐந்தாம் வகுப்புக் கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தும் கோட்டின் மேல் நிற்கப் பயந்து சாய்ந்திருந்தது.

'ஐயா அவர்களுக்கு வணக்கம். நான் ஆடு மேய்க்கிறேன். என் அண்ணன் இசக்கிராஜா பந்து விளையாடுவதற்காக 1996ஆம் வருடம் என் பெயரை இரவல் வாங்கிப் போனார். நன்றாக விளையாடினார். டிவியில் வந்தார். இப்போது விளையாட்டு முடிந்துவிட்டது. என் மகள் படிப்புக்கு சாதிச் சான்று வாங்க என் டி.சி. கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அதை அப்போதே வாங்கிப் போய்விட்டார்கள் என்று சொல்கிறார்கள். அண்ணனிடம் இரண்டு தடவை கேட்டேன். வேலையாக இருக்கிறார். அவர் நல்லவர். அவர் மேல் எந்த நடவடிக்கையும் வேண்டாம். பெயரை மட்டும் வாங்கித் தரும்படிக் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, ஒரிஜினல் சுடலைக்குமார்.'

இரண்டு தடவை கேட்டான். உண்மைதான். முதல் தடவை லாரி ஒன்று மேடையில் ஏறிக்கொண்டிருந்தது. பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டான். இரண்டாவது தடவை, "அது வேலைக்காகப் பள்ளிக்கூட ஆபீசுல இருக்குலே. வேல கைக்கு வரட்டும், பெறவு பாத்துக்கிடுவோம்" என்றான். "சரிண்ணே" என்றான் தம்பி. அதே சரி.

"மனு வந்ததும் அவரக் கூப்பிட்டு விசாரிச்சேன்" என்றார் முத்துசெல்வி. "இங்கதான், நீங்க உக்காந்திருக்கிற நாற்காலியில உக்காந்தாரு. உக்காரவே மாட்டேன்னாரு. அண்ணனுக்கு ஒரு வேல கெடைக்கப் போவுதாம் தாயி, அது கெடைக்கிற வரைக்கும் இத உள்ள வைங்கன்னு சொன்னாரு. நான் உள்ள வச்சேன்."

தலையாரி சுந்தரபாண்டி வாசலை விட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

இசக்கிராஜா அந்தத் தாளை மேசையில் வைத்தான். வைத்த பிறகும் கை அதன் மேலேயே இருந்தது.

"எழுதிக்கிடுங்க மேடம்" என்றான். "நான் இசக்கிராஜா. செத்தது சுடலைக்குமார். நான் சொன்னது பொய்."

"யோசிச்சுச் சொல்லுங்க சார். நீங்க இத எழுதிக் குடுத்தா, ஒங்க சர்டிபிகேட்டு எல்லாத்துக்கும் கேள்வி வரும். வேல..."

"எழுதுங்க."

*

வாக்குமூலம் ஒரு பக்கம் வந்தது. முத்துசெல்வி கம்ப்யூட்டரில் அடித்து, வாசித்துக் காட்டினார். 'மேற்படி சுடலைக்குமார் என்பவர் நான் அல்ல. அவர் என் உடன்பிறந்த தம்பி. நான் இசக்கிராஜா. வயது நாற்பத்து மூன்று.' வயசைக் கேட்டதும் அவனுக்கே அதிசயமாக இருந்தது. இருபத்தொன்பது வருசமாக மூன்று வயசு குறைத்தே சொல்லிப் பழகியிருந்தான். ஒரு தடவை தேசிய அணி முகாமுக்குக் கூப்பிட்டபோது, "உனக்கு வயசு இருக்கு, அடுத்த வருசம் பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்பினார்கள். பேப்பரில்தான் வயசு இருந்தது. காலில் இல்லை. அடுத்த வருசம் கூப்பிடவில்லை.

"இங்க ஒரு கையெழுத்து."

பேனாவை வாங்கினான். போட்டான். திருப்பிக் கொடுத்தான்.

முத்துசெல்வி தாளைப் பார்த்தார். நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

"சார்..."

அவனும் குனிந்து பார்த்தான். சாய்த்து, ஒரே இழுப்பில், கடைசியில் பந்துக்கு அடையாளமாக ஒரு சின்ன வட்டம். எத்தனை ஆயிரம் பையன்களின் நோட்டில், பந்தில், சட்டையில் போட்ட கையெழுத்து. கை தன்பாட்டுக்குப் போட்டிருந்தது.

"சுடலைக்குமார் நான் இல்லன்னு எழுதி, அதுக்குக் கீழ சுடலைக்குமார்னு போட்டிருக்கீங்களே சார்."

வெளியிலிருந்து தலையாரி சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் நின்றது.

இன்னொரு பிரதி எடுத்தார்கள். இந்தத் தடவை பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தான். இசக்கிராஜா என்ற பெயருக்கு அவனிடம் கையெழுத்தே இல்லை. பதினாலு வயசில் விட்ட பெயர். பழுதாய்ப்போன தாளின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தான். இ. ச. க். ஒவ்வொரு எழுத்தாக. மூன்று தடவை எழுதினான். மூன்றும் மூன்று மாதிரி வந்தன.

"பெரியப்பா, அவசரப்படாம எழுதுங்க" என்றாள் செண்பகவல்லி.

அந்தச் சொல்லைத் தாங்க முடியவில்லை அவனால். ஒரு வழியாக எழுதி முடித்தான்.

முத்துசெல்வி அதை வாங்கி வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். "இது மட்டும் போதாது சார். நீங்கதான் இசக்கிராஜான்னு காட்ட ஒரு காகிதம் வேணும்."

யோசித்தான். ஆதார் இல்லை. ஓட்டு இல்லை. எட்டாம் வகுப்பு வரைக்கும் பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருக்கும்.

"பதிவேட்ட நான் எடுத்துருவேன். ஆனா அந்தப் பையன்தான் இந்த ஆளுன்னு யாராவது சொல்லணும். ஒங்க மனைவியோ, இவங்களோ சொன்னா மேல ஏத்துக்க மாட்டாங்க. அப்பவே ஒங்களத் தெரிஞ்ச ஆளு, வெளியாளு, கையெழுத்துப் போடணும். சர்டிபிகேட்ட மாத்திக் குடுத்தது யாரு?"

"சண்முகராஜ் சார்."

"இருக்காரா?"

"இருக்காவ." மேசையில் இருந்த பேப்பர் படத்தை விரலால் காட்டினான். "எனக்கு வேல வாங்கிக் குடுத்ததே அவியதான்."

அந்த மனிதர் இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால், தான் செய்த தப்பைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும். எழுபது வயசில், அத்தனை மரியாதையோடு நடமாடுகிற ஆள். போட மாட்டார். போட்டாலும் அதோடு அவருக்கும் இவனுக்கும் வேலை இல்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள அவரக் கூட்டிட்டு வாங்க" என்றார் முத்துசெல்வி. "அது வரைக்கும் என்னால எதையும் பதிய முடியாது."

*

செருப்பு மண்ணை வாசல் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தபோது விஜியிடமிருந்து போன்.

"என்ன ஆச்சு?"

"உள்ளதச் சொல்லிட்டேன்."

மிட்டாய்க் கம்பெனியின் இரைச்சல் மட்டும் கேட்டது. யாரோ பாகு பதம் தப்பிவிட்டது என்று கத்தினார்கள்.

"அப்ப திங்கக்கெழம?" என்றாள்.

"தெரியல."

"அளவு குடுத்துட்டு வந்தேனே" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வைத்துவிட்டாள்.

சுகுணா வேலியோரம் நின்றிருந்தாள். செண்பகவல்லி பஸ் வருகிறதா என்று ரோட்டுப் பக்கம் போயிருந்தாள். இசக்கிராஜா காலை இழுத்துக்கொண்டு அவளிடம் போனான். என்ன சொல்வது என்று தெரியாமலே போனான்.

"நான் மொதல்ல அப்படிச் சொன்னது..."

"விடுங்க."

"விஜி சொன்னான்னு..."

"அக்காவ எதுக்கு இழுக்கிய? வாய் ஒங்க வாய்தான?" அவள் குரல் உயரவில்லை. "ஒரு விசயம் சொல்லட்டா அத்தான்? ஒங்க ஆட்டத்த அவிய டீக்கடையில பாக்கும்போது நானும் ஒருநா கூடப் போனேன். டிவியில சுடலைக்குமார், சுடலைக்குமார்னு சொல்லுதான். எல்லாரும் கைதட்டுதாவ. இவிய சிரிச்சுக்கிட்டே இருந்தாவ. வீட்டுக்கு வந்து ஆட்டுக்குக் கொழ ஒடிச்சுப் போட்டாவ. பெறவு எங்கிட்டச் சொன்னாவ, ஏட்டி, என்னக் கூப்பிட்ட மாதிரியே இருந்துச்சு, நான் எந்திரிக்கப் போயிட்டேன் தெரியுமான்னு."

அவன் தலை குனிந்தான்.

"இத அவிய வேடிக்கையாத்தான் சொன்னாவ. எனக்குத்தான் அன்னைக்குச் சோறு எறங்கல."

"சண்முகராஜ் சாரக் கூட்டியாறேன். கால்ல விழுந்தாவது கூட்டியாறேன்."

"ஒங்களால கால் மடக்கி விழ முடியுமா?" என்றாள் சுகுணா. குத்தலாகச் சொன்னாளா, நிசமாகவே கேட்டாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. "கூட்டியாங்க, கூட்டியாராம இருங்க. நான் காத்திருந்துதான ஆகணும். ஒங்கள விட்டா வேற யாரு அவர்கிட்டப் போயிச் சொல்லுவா?"

பஸ் வருவதாகச் செண்பகவல்லி கையைக் காட்டினாள். தாயும் மகளும் ஏறினார்கள். அது புதூருக்குப் போகிற பஸ். அவன் எதிர்ப்பக்கம் போக வேண்டும்.

குடிக்கத் தண்ணீர் கேட்டுத் திரும்ப அலுவலகத்துக்குள் போனான். முத்துசெல்வி சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் இறப்புப் பதிவேட்டின் நோட்டு விரித்தபடி கிடந்தது. தேதி எழுதியிருந்தது. இடம் எழுதியிருந்தது. காரணம், இடி தாக்கி என்று எழுதியிருந்தது. மனைவி பெயர், மகள் பெயர், தகப்பன் பெயர் மாயகிருஷ்ணன் எல்லாம் இருந்தன.

இறந்தவர் பெயர் என்ற இடத்தில் ஒன்றும் இல்லை. அங்கே எழுதுவதற்கு இசக்கிராஜா தன் தம்பிக்கு ஒரு பெயர் தர வேண்டும். தொண்ணூற்றாறில் வாங்கியது. இன்னும் திருப்பித் தரவில்லை.